கார்தான் ஒழுகுது

முன்சீட்டில் விரித்திருந்த ரப்பர் ஷீட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "இது எதுக்கு அக்கா?" என்று கேட்டார் மெக்கானிக். "சும்மாதான், சீட்டு அழுக்காகாம இருக்கட்டும்னு," என்றாள் அவள். வாய் கூசாமல் வந்தது பொய். முதியோர் இல்லத்தின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவளுக்கு இந்த மாதிரிப் பொய்யெல்லாம் மூச்சு விடுவது போல. அந்த ஷீட்டே இல்லத்தில் பழசென்று கழித்துப் போட்டதுதான். ஓரத்தில் மையால் எழுதிய அறை எண் இன்னும் அழியவில்லை. மெக்கானிக் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அதை நாலாக மடித்துப் பின்சீட்டில் வைத்தார். பிறகு முட்டி போட்டு உட்கார்ந்து, கால் வைக்கும் இடத்தில் கிடந்த கால்மிதி மேட்டை உருவி எடுத்தார்.

அந்த வட்டாரத்தில் அவருக்குப் பெயர் பொறுமை. எதைக் கேட்டாலும் "பொறுமை, பொறுமை" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் பதிலுக்கே வருவார். காலையில் விட்ட வண்டி மாலையில் கிடைக்கும் என்று நம்பிப் போனவர்கள் மறுநாள் மாலை வந்து எடுத்துப் போவார்கள். ஆனால் கை சுத்தம். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகத்தைத் துணியில் சுற்றி வண்டிக்காரர் கையில் கொடுக்காமல் எந்த வண்டியையும் வெளியே விடமாட்டார். மாற்றாமலே மாற்றியதாகக் கணக்குச் சொன்னான் என்று நாளைக்கு எவரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்பார். இதனால் அந்தத் தெருவில் பல வீட்டு அலமாரிகளில் எதற்கும் உதவாத இரும்புத் துண்டுகள் துணியில் சுற்றிய மேனிக்குக் கிடந்தன.

அவள் வந்தது முன்கண்ணாடிக்காக. குளிர் தொடங்கி மூன்று வாரமாக, ஹீட்டரைப் போட்டால் கண்ணாடி மூடிக்கொண்டது. வெளியிலிருந்து வரும் பனி என்றால் துடைத்தால் போய்விடும். இது உள்ளேயிருந்து பிசுபிசுவென்று படிந்தது. துடைக்கத் துடைக்க இழுபட்டு இன்னும் மங்கியது. முந்தின நாள் வேலைக்குப் போகும்போது, எதிரே ஒரு சைக்கிள்காரர் வருவதே தெரியாமல் போய், அவர் இறங்கி நின்று அவளுடைய வயதைப் பற்றியும் கண்களைப் பற்றியும் நடுத்தெருவில் விரிவாகப் பேசும்படி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஓட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போகவேண்டும். அதற்குள் இதைச் சரிசெய்துவிடலாம் என்று வியாழக்கிழமை காலையிலேயே பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

பொறுமை மேட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த விரிப்பைத் தூக்கினார். அதற்கும் கீழே இருந்த பஞ்சை ஒரு கை பிடித்துப் பிழிந்தார். உள்ளங்கையில் வெளிறிய மஞ்சளாகத் தண்ணீர் தேங்கியது. அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "நீங்களும் பாருங்க அக்கா," என்று கையை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அவள் குனியவேண்டிய அவசியமே இருக்கவில்லை. காரின் கதவைத் திறந்ததுமே அவளுக்குத் தெரிந்த வாசம்தான் அது. லேசான தித்திப்பு, கொஞ்சம் குமட்டல். போன குளிர்காலம் முழுவதும் அவள் மூக்கைச் சுளிக்காமல், ஜன்னலைக் கூட இறக்காமல், தெரியாதவள் போல வண்டி ஓட்டிய வாசம்.

"இன்ஜின்ல சூடாகுற தண்ணிதான் ஹீட்டருக்கும் போகும்," என்றார் பொறுமை. "இந்த டேஷ்போர்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ரேடியேட்டர் இருக்கு. ஹீட்டர் கோர்னு சொல்வோம். அது ஓட்டையாயிடுச்சு. ஆவி கண்ணாடியில போய் ஒட்டுது, மிச்சம் இங்க ஒழுகுது."

இன்ஜினைக் குளிரவைக்க ஊற்றும் கூலன்ட் பச்சையாக அல்லவா இருக்கும் என்று அவள் கேட்டாள். வாராவாரம் யாராவது வெறும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் பச்சை போய் இப்படித்தான் மஞ்சளாகும் என்றார் அவர். வாராவாரம் ஊற்றியது அவள்தான். வண்டி பழசு, தண்ணீர் குடிக்கிறது, ஊற்று என்று அவளுடைய வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இந்த ஒழுகல் எத்தனை நாளாக இருக்கும் என்று அடுத்துக் கேட்டாள்.

"பஞ்சு மக்கியிருக்கிறதைப் பாத்தா போன குளிர்லயே ஆரம்பிச்சிருக்கணும். வெயில் காலத்துல ஹீட்டர் போடமாட்டீங்க, அந்தப் பக்கம் தண்ணி போகாது, காஞ்சிருக்கும். இப்ப மறுபடி ஆரம்பிச்சிருச்சு. போன வருஷமே இங்க நனைஞ்சிருக்குமே, நீங்க கவனிக்கலையா?"

"கவனிச்சேன்," என்றாள் அவள்.

கவனிக்காமல் என்ன. ஈரத்தைக் கவனிப்பதுதான் அவள் பிழைப்பு. ஒரு படுக்கை விரிப்பைக் கூடையிலிருந்து எடுக்கும்போதே அது கஞ்சியா, மருந்தா, வியர்வையா, மற்றதா என்று கை சொல்லிவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தது மூன்றே சொல்: கேட்காதே, சொல்லாதே, மாற்று. நனைந்த விரிப்பை எடுக்கும்போது பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். டம்ளர் கவிழ்ந்துவிட்டது என்பார் ஒருவர். ஜன்னலைத் திறந்து வைத்தேன், சாரல் அடித்துவிட்டது என்பார் இன்னொருவர். மூன்றாவது மாடியில் ஒரு முன்னாள் கப்பல்காரர் பூனையின் மேல் பழி போடுவார். அந்தக் கட்டடத்தில் பூனையே கிடையாது. ஆமாங்க, டம்ளர்தான். ஆமாங்க, சாரல்தான். ஆமாங்க, பூனைதான். ஒருவர் முகத்தையும் பார்க்காமல், விரிப்பை உருவி, புதியதைப் போட்டு, அடியில் ஒரு ரப்பர் ஷீட்டையும் செருகிவிட்டு வந்துவிடுவாள். இல்லத்தில் எல்லோரும் அவளைச் சலவை அக்கா என்று கூப்பிடுவார்கள். சலவை அக்கா கை வைத்தால் மானம் போகாது என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. அதில் அவளுக்குப் பெருமையும் உண்டு.

வீட்டுக்காரர் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். தெருவில் இன்றைக்கும் மீட்டர் சார்தான். நான் நடந்த நடைக்குச் சர்க்கரை என் பக்கம் தலைவைத்துப் படுக்காது என்று மார்தட்டிக்கொண்டிருந்தார். அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. ஐம்பத்தெட்டில் வந்தது, அறுபத்து மூன்றில் இரண்டு பாதமும் மரத்துவிட்டது. எது பிரேக், எது ஆக்ஸிலரேட்டர் என்று கால் சொல்லமாட்டேன் என்கிறது, இனிமேல் நீயே ஓட்டு என்று ஒரு நாள் அவராகவே சாவியை அவளிடம் கொடுத்துவிட்டார். அதில் அவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததாகத் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிப்பது அவருக்கு நன்றாகவே பிடித்துப்போனது.

போன குளிர்காலத்தில் அவருடைய வலது குதிகாலில் ஒரு புண். வாரம் இரண்டு தடவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கட்டு மாற்றவேண்டியிருந்தது. அப்படி ஒரு நாள் திரும்பி வந்து அவர் இறங்கியபோதுதான் அவள் பார்த்தாள். மேட் நனைந்திருந்தது. அவருடைய இடது கால் காலுறையும் பேன்ட்டின் கீழ்ப்பகுதியும் நனைந்திருந்தன. தித்திப்பாக ஒரு வாசம். சர்க்கரைக்காரர்களின் விரிப்புகளைத் துவைத்துத் துவைத்து அவளுக்கு அந்தத் தித்திப்பு பழக்கம்தான். அல்லது பழக்கம் என்று நினைத்தாள். அவருக்கோ கால் நனைந்ததே தெரியவில்லை. தெரியாத கால் அது. அவள் ஒன்றும் சொல்லாமல் மேட்டைக் கழற்றித் துவைத்துக் காயப்போட்டாள். மூன்றாவது முறை நனைந்தபோது, இல்லத்திலிருந்து ரப்பர் ஷீட்டைக் கொண்டுவந்து சீட்டில் விரித்தாள்.

அவர் கதவைத் திறந்து ஷீட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் குளிரில் நின்றார். "நான் இல்லம்மா," என்றார். "கார்தான் ஒழுகுது."

"சரிங்க," என்றாள் அவள். "கார்தான்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் ஏறி உட்கார்ந்தார், ஷீட்டு சரசரத்தது. அன்றைக்குச் சாலையில் அவள் ஓட்டியதைப் பற்றி அவர் ஒரு குற்றமும் சொல்லவில்லை. மறுநாள் குளியலறை அலமாரியில், துவாலைகளுக்குப் பின்னால், பெரியவர்கள் கட்டும் டயப்பர் ஒரு பாக்கெட்டை வாங்கி வைத்தாள். வைத்ததைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. சில நாள் கழித்துப் பார்த்தபோது இரண்டு குறைந்திருந்தன. பிறகு நான்கு. பாவம், ஒத்துக்கொண்டுவிட்டார் என்று நினைத்தாள். அவரைப் பற்றி அவளுக்கு அன்றைக்கு நிறைய அன்பு வந்தது. இப்போது நினைத்தால் அந்த அன்புதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

புண் ஆறியது, வெயில் வந்தது. அவர் காரில் ஏறுவது நின்றுபோயிற்று. அந்தச் சமயத்தில்தான் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. போகலாம் வாருங்கள் என்றபோது, நான்கு மணி நேரம் என்னால் உட்காரமுடியாது, நீ போய்விட்டு வா என்றார். அடுத்த மாதமும் அதையேதான் சொன்னார். பேரனைப் போனில் பார்த்தார். போனில் அது பொக்கை வாயால் சிரிப்பதைப் பார்த்தார். போனில் அது குப்புற விழுவதைப் பார்த்து, திரையை நோக்கிக் கையைத் தட்டினார். மகளுக்குக் கோபம். அப்பா வந்து பிள்ளையைத் தூக்கட்டும், அதற்கப்புறம்தான் நான் அந்த வீட்டு வாசலை மிதிப்பேன் என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அவருக்குத் தப்பாமல் பிறந்தவள். உண்மைக் காரணத்தைச் சொல்லி மகளைச் சமாதானம் செய்யலாம்தான். ஆனால் அது அவருடைய மானம் அல்லவா, எப்படிச் சொல்வது. கேட்காதே, சொல்லாதே. எட்டு மாதம் ஓடிவிட்டது. காரில் அவர் ஏறாத அந்த எட்டு மாதமும் மேட் காய்ந்தே இருந்தது. அவள் மனதில் ஒரு மூலையில் மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு காய்ந்துபோனது. இந்த மூன்று வாரமாக அந்த இடத்தில் வைக்கும் கைப்பையின் அடி ஈரமாக இருந்ததைக்கூட, சோப்புத் திரவ பாட்டில் கசிகிறது என்றுதான் நினைத்தாள்.

இதில் அவளுக்கு மன்னிக்கவே முடியாத விஷயம் ஒன்று இருந்தது. சீட்டு ஒரு நாளும் நனைந்ததில்லை. ரப்பர் ஷீட் போடுவதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி. சீட்டு நனையாமல் கால் மட்டும் எப்படி நனையும்? இருபத்திரண்டு வருட அனுபவத்தில், வேறு யாருடைய விரிப்பாக இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பாள். பேன்ட் துணி தடிமன், உள்ளுக்குள்ளேயே வழிந்து இறங்கியிருக்கும் என்று தனக்குத் தானே ஒரு பதிலைச் சொல்லிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

பட்டறையில் பொறுமை இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஹீட்டருக்குப் போகிற ஹோஸையும் வருகிற ஹோஸையும் கழற்றி இரண்டையும் ஒரு சின்னக் குழாயால் சேர்த்துவிடுவது. பத்து நிமிட வேலை. ஒழுகல் நின்றுவிடும், ஆனால் ஹீட்டர் இருக்காது, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டவேண்டியதுதான். இன்னொன்று, டேஷ்போர்டு முழுவதையும் பிரித்து, வேறு கோர் வைப்பது. இந்த வயசான வண்டிக்கு அது வேண்டுமா என்று யோசியுங்கள் என்றார். பெரும்பாலான பேர் முதல் வழியோடு நிறுத்திக்கொள்வார்களாம்.

முதல் வழி என்றால் அந்தப் பொருள் உள்ளேயே இருந்துவிடும், யார் கண்ணிலும் படாது. அவளுக்கு அது கையில் வேண்டும். குளிரில் அவருடைய கால் விறைத்தாலும் அவருக்குத் தெரியாது என்பதும் உண்மைதான். பொறுமையிடம் அதைத்தான் காரணமாகச் சொன்னாள். "முழுசா பிரிச்சிடுங்க. கழட்டினதை மறக்காம எனக்குக் குடுங்க," என்றாள். யாரும் தன்னிடம் அதைக் கேட்டு வாங்கியதே இல்லை என்பதால் பொறுமைக்கு அவள் மேல் மரியாதை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் சனிக்கிழமை மாலை என்று பொருள். சனிக்கிழமையே போதும் என்றாள்.

பேருந்து பிடித்து வேலைக்குப் போனாள். அன்று இயந்திரங்களின் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஏழாம் எண் அறையில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இருந்தார். விரிப்பு நனையும் நாளெல்லாம் கூரை ஒழுகுகிறது என்று புகார் சொல்வார், எழுதியும் கொடுப்பார். அன்றைக்கும் நனைந்திருந்தது. அன்றைக்கும் கூரைதான். சலவை அக்கா விரிப்பை உருவினாள், புதியதை விரித்தாள். பிறகு, இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். போதாதென்று நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கையால் தடவியும் பார்த்தாள். கூரை எலும்பு போலக் காய்ந்திருந்தது. "என்ன, ஒழுகுதா?" என்று கேட்டார் தலைமையாசிரியை, கொஞ்சம் கலவரத்தோடு. "பாத்து சொல்றேன்னு சொல்லியிருக்காங்க," என்று ஏதோ உளறிவிட்டு இறங்கினாள். இறங்கும்போது அவளுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது.

வியாழனும் வெள்ளியும் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. கார் எங்கே என்று அவர் கேட்டதற்கு, கண்ணாடி மூடிக்கொள்கிறது, பட்டறையில் விட்டிருக்கிறேன் என்றாள். வெறும் வாயால் சொன்னால் இன்னொரு ஆறுதல் வார்த்தை என்று எடுத்துக்கொண்டுவிடுவார் என்று பயமாக இருந்தது. ஏற்கெனவே அவள் சொன்ன ஆறுதல் போதாதா. வெள்ளி மாலை அவருக்கு எதிரே உட்கார்ந்து பழக்கத்தில் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தாள். அவர் அதில் ஒரு வாய் குடித்துவிட்டு மற்றதை அப்படியே வைத்தார். ஒரு வருடமாகவே அப்படித்தான். நாளுக்கு இவ்வளவு குடிக்கவேண்டும் என்று மருத்துவமனை நர்ஸ் இரண்டு தடவை திட்டியும் பார்த்துவிட்டாள். உதடு வெடித்தால் களிம்பு போட்டுக்கொள்வார், தண்ணீர் குடிக்கமாட்டார். வயதானால் தாகம் குறையும் என்று இவளும் விட்டுவிட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வண்டி கிடைத்தது. டேஷ்போர்டைத் திரும்பப் பூட்டியதில் ஒரு திருகாணி மிச்சமாகிவிட்டது, எங்கே இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் வண்டி ஓடும் என்று பொறுமை நேர்மையாகச் சொல்லி அதையும் துணி மூட்டையில் போட்டுக் கொடுத்தார். பஞ்சை மாற்றி, விரிப்பைக் காயவைத்திருந்தார். நான்கைந்து நாளைக்குக் கால் வைக்கும் இடத்தில் பழைய செய்தித்தாள் ஒன்றை விரித்து வைக்கச் சொன்னார். தாள் நனைந்தால் உடனே கொண்டுவாருங்கள், நனையாவிட்டால் வரவேண்டாம்.

வீட்டில் அவர் சமையலறை மேசையில் உட்கார்ந்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரத்த காலில் புண் வந்தால் வலிக்காது என்பதால் தினமும் கண்ணால் பார்க்கவேண்டும். முன்பு மீட்டரில் எண் பார்ப்பது போல, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பார். அவர் பார்த்து முடிக்கும்வரை அவள் நின்றாள். பிறகு மூட்டையை மேசைமேல் வைத்து அவிழ்த்தாள். தடித்த புத்தகம் ஒன்றின் அளவுக்கு, தேனடை போல ஒரு தகர அடை, பக்கத்தில் நீட்டிக்கொண்டு இரண்டு குழாய். ஒரு மூலையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருந்தது.

"என்ன இது?"

"கார்ல கழட்டினது. ஹீட்டருக்குள்ள இருந்துச்சு. இதுதாங்க ஒழுகியிருக்கு. இப்ப இல்ல, போன வருஷத்துல இருந்தே."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதைக் கையில் எடுத்து, எடை பார்ப்பது போல ஏந்தி, திருப்பினார். உப்புப் பூத்த மூலையில் விரலை வைத்து, இதுவா என்று கண்ணால் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். நான் அப்போதே சொன்னேனே என்று கத்துவார், கத்தட்டும் என்று அவள் காத்திருந்தாள். அவர் கத்தினால் நன்றாக இருக்கும் போலக் கூட இருந்தது.

"அப்ப அது நான் இல்லையா?" என்று கேட்டார் அவர்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. நீங்கள்தானே கார் ஒழுகுது என்று சொன்னது என்றாள்.

"சொன்னேன். முதல்ல கார்தான்னு நினைச்சேன். நீ திட்டியிருந்தா சண்டை போட்டிருப்பேன். நீ திட்டல. சரிங்கன்னு சொன்ன. எத்தனை வருஷமா இதையே பாக்கிறவ, அவளுக்குத் தெரியாதா, நமக்குத்தான் கீழ ஒண்ணும் தெரியமாட்டேங்குதுன்னு நானே நம்பிட்டேன்." அந்தத் தகர அடையை மேசையில் மெதுவாக வைத்தார். "வாங்கி வச்சியே, அதைக் கட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய போனா கட்டிக்குவேன். வந்து பாத்தா காஞ்சே இருக்கும். இன்னைக்குத் தப்பிச்சோம்னு நினைச்சுக்குவேன்."

"ஒரு நாளும் நனையலையா?"

"தண்ணி குடிச்சாத்தானே நனையும்."

அவளுக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. காது மடலெல்லாம் சுட்டது. ஒரு வருடமாக இந்த மனிதர் வறண்ட தொண்டையோடு, இல்லாத நோய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, பேரனைக் கண்ணாடித் துண்டில் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்திருக்கிறார். யாரோ கொடுமைக்காரி செய்த காரியம் இல்லை. மானம் போகாமல் காப்பாற்றுகிறவள் என்று பேர் வாங்கியவள் செய்தது. தன்னை மன்னித்துவிடும்படி கேட்டாள்.

"உன்மேல என்ன தப்பு," என்றார் அவர். "நீ நல்லபடியாத்தான் நடந்துக்கிட்ட. அதனாலதான் நம்பிட்டேன்."

சமாதானமாகச் சொன்னாரா, குத்திக்காட்டினாரா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்பது வருடம் கூட வாழ்ந்தும் அந்தக் குரல் அவளுக்குப் பிடிபடவில்லை. அவர் எழுந்து குளியலறைக்குப் போய், பாதி பாக்கெட்டை எடுத்துவந்து அவள் கைப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். இல்லத்துக்குக் கொண்டுபோ, அங்கே யாருக்காவது உதவும் என்றார். பிறகு மிச்சமான திருகாணியைக் கையில் எடுத்து, இது எங்கே போகவேண்டியது என்று விசாரித்தார். பொறுமைக்கே தெரியாது என்றாள். அதற்கு மட்டும் அவர் கொஞ்சம் சிரித்தார். கால் வைக்கும் இடத்தில் செய்தித்தாள் விரித்துப் பார்க்கும்படி பொறுமை சொன்னதையும் அவரிடம் சொன்னாள்.

கேட்காதே என்பது அவளுக்கு எலும்பில் ஊறிய பாடம். அன்றைக்கு அதை மீறிக் கேட்டாள். "நாளைக்கு வரீங்களா?"

"ஹீட்டர் வேலை செய்யுதா?"

"செய்யுது."

"பாக்கலாம்," என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் பையெல்லாம் காரில் ஏற்றி, முன்கண்ணாடியின் உட்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரால் இரண்டு தடவை துடைத்தாள். இரண்டாவது தடவைதான் பிசுக்கு முழுவதும் போனது. எதிர்வீட்டு வேலிக் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ரப்பர் ஷீட்டை வியாழக்கிழமையே பட்டறையிலிருந்து எடுத்துப்போய் இல்லத்துக் குப்பையில் போட்டுவிட்டிருந்தாள். இன்ஜினைப் போட்டு, ஹீட்டரைத் திருப்பி வைத்தாள். அவரைக் கூப்பிடவில்லை. உள்ளே போய் இன்னொரு தடவை கேட்டால் அது கெஞ்சுவதாகிவிடும், கெஞ்சினால் அவர் இரக்கப்பட்டு வந்துவிடுவார், அப்படி அவர் வரவேண்டாம் என்று நினைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகளிடம் இருந்து எப்போது கிளம்புகிறீர்கள் என்று செய்தி வந்தது. பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கதவு பூட்டும் சத்தம் கேட்டது. அவர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரு கையில் பழைய செய்தித்தாளும் இன்னொரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக வந்தார். கார்க் கதவைத் திறந்து, சீட்டை ஒரு முறை பார்த்தார். வெறும் துணி சீட்டு. குனிந்து, செய்தித்தாளைக் கால் வைக்கும் இடத்தில் நான்கு மூலையும் படியும்படி விரித்து, சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டார். பிறகு ஏறி உட்கார்ந்து, இரண்டு காலையும் ஓரமாக ஒதுக்கி வைத்துக்கொண்டார், தாள் நன்றாகக் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பது போல.

அவள் கியரில் கை வைத்தபோது, இரு என்றார். பாட்டிலின் மூடியைத் திருகினார். அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். ஒரு வாய், இரண்டு வாய் என்று இல்லை. தொண்டைக் குமிழ் ஏறி இறங்க, மூச்சு வாங்க நிறுத்தி, மறுபடி அண்ணாந்து, பாதி பாட்டில், முக்கால் பாட்டில் என்று குடித்துக்கொண்டே போனார். நான்கு மணி நேரப் பயணம், வழியில் நிறுத்துவதற்கு எங்கெங்கே வசதி இருக்கிறது என்று அவளுடைய சலவைப் புத்தி தன் பாட்டுக்கு யோசிக்கத் தொடங்கியது. அவள் அதை அதட்டி உட்காரவைத்தாள். கடைசி வாயில் தண்ணீர் கடைவாயில் வழிந்து, தாடையில் ஓடி, கீழே விரித்திருந்த செய்தித்தாளில் மூன்று நான்கு சொட்டாக விழுந்தது.

இருவரும் குனிந்து தாளைப் பார்த்தார்கள்.

"இது நான்தான்," என்றார் அவர்.

சரிங்க என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். கார் தெரு முனையில் திரும்பியது. கண்ணாடி தெளிவாகவே இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து சூடான காற்று இறங்கி, செய்தித்தாளின் ஓரத்தைப் படபடவென்று அடித்தது. அவர் குனிந்த தலை நிமிரவில்லை. தாளின் மேல் விழுந்திருந்த ஈரப் பொட்டுகள் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி, பட்டாணி அளவாகி, மிளகு அளவாகிக்கொண்டிருந்தன.